ஜே, கே, பி, ஓ... இது எந்த மொழி, தெரியுமா?

இரவிரவாகக் கண்விழித்துச் செய்த ஸ்லைட்டுகள். பென் டிரைவில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை மண்டபத்துக்கு ஓடுகிறீர்கள். அங்குள்ள லப்டொப்பில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லைக் காணோம்! அந்த இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி! பேய் பிடிக்கவில்லை. பாமினி பிடித்திருக்கிறது!

பாமினி எழுத்துருவில் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல, தெரியுமா? உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி. பாமினி இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும்! யூனிகோடில் அடித்தால் ‘த’ எங்கே போனாலும் ‘த’தான். பழைய கோப்பா? பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோங்கள், தப்பித்தீர்கள்!

பவர்பொயின்ட்டுக்கு முதலில் வைத்த பெயர் ‘பிரசன்டர்’, தெரியுமா? 1987 ஏப்ரலில் மக்கின்டொஷ் கணினிக்காக, வெறும் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் அதை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கியது! அதே 1987இல்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. இரண்டும் ஒரு வயதுக்காரர்!

ஒரு குற்று காணாமற்போனால் என்ன ஆகும், தெரியுமா? கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து பாருங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் முதலில் மறைவது குற்றுத்தான். பல் வைத்தியர் ‘பல’ வைத்தியர் ஆகிவிடுவார்! 30 புள்ளி (பொயின்ட்) அளவுக்குக் கீழே எழுத்தை இறக்காதீர்கள் என்பது அமெரிக்கத் தொழில்முனைவர் கை கவாசாகி சொன்ன விதி. தமிழுக்கு அதற்கும் மேலே போனாலும் பிழையில்லை.

விண்ணோட விபத்து விசாரணையில் ஒரு ஸ்லைட்டும் சிக்கியது, தெரியுமா? 2003 பெப்ரவரி 1இல் கொலம்பியா சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் மாண்டார்கள். அது பறந்துகொண்டிருந்தபோதே, நுரைத் துண்டு மோதியதால் ஆபத்து உண்டா என்று பொறியியலாளர்கள் ஆராய்ந்து ஸ்லைட் காட்டினார்கள். தலைப்பு தைரியம் சொன்னது. முன்பு சோதித்த நுரை 3 கன அங்குலம், மோதியதோ 1,920 என்ற செய்தி அடிவரியில் சின்ன எழுத்தில் கிடந்தது! 640 மடங்கு!

திரையை ஒரே விரலால் அணைக்கலாம், தெரியுமா? ஸ்லைட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘பி’யை (B) அழுத்துங்கள். கும்மிருட்டு! எல்லாக் கண்களும் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி அழுத்தினால் ஸ்லைட் திரும்பி வரும்.

சரி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கிற சபைக்கு ஒரே ஸ்லைட்டா? மூன்றிலும் முழு வசனம் எழுதினால் ஒன்றும் தெரியாது. விடை காலி வீதியில் ஓடுகிறது! பாணந்துறை - புறக்கோட்டை பஸ் வரும்போது, வெள்ளவத்தைத் தரிப்பில் நிற்பவர் ஊர்ப்பெயரை மூன்று மொழியிலும் படித்துவிட்டா கை காட்டுகிறார்? வழி இலக்கம் ‘100’ கண்ணில் பட்டதுமே கை உயர்ந்துவிடும்! இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், படத்துக்கும் வேண்டாம். ஊர்களைச் சொல்லிக் கூப்பிடத்தான் மிதிபலகையில் கொண்டக்டர் தொங்குகிறாரே!

பஸ்ஸின் பலகைதான் ஸ்லைட். கொண்டக்டர் நீங்கள்!