மீனுக்கும் ஒரு கம்பார்ட்மென்ட்

2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தின் வெள்ளம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகளை அடித்துச் சென்றது. பிறகு ரூ.387.60 கோடியில் புதிய கதவணை எழுந்தது. செய்திகளில் கோடிகள் அடிபட்ட அளவுக்கு மீன் அடிபட்டதாக எனக்கு நினைவில்லை. 2021 நவம்பரில் கொசஸ்தலையாற்று வெள்ளத்தைப் பார்த்த விஜயபுரம், நகரிக்காரர்களுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். உடைந்த அணையைக் கட்டும்போதே மீனுக்கு வழி விட்டால்தான் உண்டு. கட்டி முடித்த சுவரை மீனுக்காக எவர் இடிப்பார்?

2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு அடியில் நொடிக்கு 6 மீட்டர் வேகம். கெண்டை அதை எதிர்த்து ஏறாது. அதே உயரத்தைப் படிப்படியாகப் பத்துத் தொட்டிகளாகப் பிரித்தால், அதுதான் மீன் ஏணி; ஒவ்வொன்றிலும் இறக்கம் 20 செ.மீ., வேகம் 2 மீட்டர். பொடி மீனுக்கு அதுவும் அதிகம். இறக்கத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

சூட்சுமம் தொட்டிக்குள்தான். குறுக்குச் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரு செங்குத்துப் பிளவு. அதில் பாயும் நீர் நேரே அடுத்த பிளவுக்குப் போய்விட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் சிறு தடுப்பு அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது. நீர் சுழன்று, தன் வேகத்தைத் தானே தின்று தீர்க்கிறது. ஓரத்தில் அசையாத தண்ணீர் மிஞ்சும். திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் மாதிரிதான்: மீன் ஒரு கம்பார்ட்மென்டில் இளைப்பாறி, அடுத்த கதவுக்குப் பாயும். என்ன, இங்கே தரிசனம் முடித்த கூட்டமும் அதே கதவு வழியாக எதிரே ஓடிவரும். பாலும் கிடையாது, லட்டும் கிடையாது. ஆற்றில் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பிளவு வேலை செய்யும், அவரவர் ஆழத்தில் அவரவர் போகலாம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் 1945-46இல் சாமன் மீனுக்காக இந்தப் பிளவு ஏணியைக் கட்டினார்கள். கோதாவரிக்காரர்கள் புலச என்று கொண்டாடும் ஹில்சா, சாமன் மாதிரி எம்பிக் குதிக்காது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் அது மேலே ஏறுவது தடைபட்டது. சாமனுக்கான ஏணியை அதே அளவுகளில் இங்கே நட்டால் பலிக்காது.

இன்னொரு சங்கதி, வாசல். மீன் நீரோட்டத்தை முகர்ந்துகொண்டு அணையின் காலடிவரை வந்து முட்டும். ஏணியின் வாய் அங்கிருந்து தள்ளியிருந்தால், உள்ளே எத்தனை நேர்த்தி இருந்தும் பயனில்லை. எனவே ‘மீன் ஏணி அமைக்கப்படும்’ என்று ஒரு வரியைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால், வரைபடத்தில் வாய் எங்கே என்று கேளுங்கள். வெள்ளம் வடிந்ததும் தொட்டிகளில் நிரம்பும் மணலை வாருவது யார், அங்கே வலை கட்டுபவர்களைத் தடுப்பது யார் என்றும்.