லால்குடிக்கு வர இன்னும் எத்தனை வருஷம்? டொரன்டோ பெரியம்மாவின் பென்ஷன் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தால், அது டொரன்டோ பெரியம்மாதான். போன வாரம் போனை எடுத்ததுமே, "வாசல் வேப்பமரம் இருக்கா, வெட்டிட்டாங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். "2028 வரைக்கும் பார்த்துக்க கண்ணு."

அது என்ன 2028? விசாரித்தால், கனடாவில் வயதாகிற நம்மூர்க்காரர்கள் பலரின் மனசுக்குள் ஓடும் கணக்கு அது.

பெரியப்பா இறந்த பிறகு, 2008-ல் அண்ணன் ஸ்பான்சர் செய்து பெரியம்மாவை அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 60. அம்மாவின் அடிப்படைச் செலவு முழுவதையும் 10 வருடம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணன் அரசாங்கத்துக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். (2014-க்குப் பிறகு பெற்றோரை அழைப்பவர்களுக்கு இது 20 வருடம்.)

கனடாவில் 65 வயதானால் முதியோர் ஓய்வூதியம் உண்டு. அங்கே ஒருநாள்கூட வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால், 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். முழுத் தொகை வேண்டுமென்றால் 40 வருடம். குறைந்தால் வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு. 2015-ல் இந்தியாவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பென்ஷன் திட்டத்தில் பணம் கட்டிய வருடங்களையும் அந்தப் பத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பெரியம்மா கட்டியது லால்குடி வீட்டு அடுப்படியில் 38 வருடம். அதற்கு ரசீது கிடையாது.

ஆக, 70 வயது வரை காத்திருந்தார். "உங்கண்ணன் ஒரு குறையும் வெக்கல. ஆனா கோயிலுக்குப் போக பஸ் டிக்கெட்டுக்கு அவன்கிட்ட கேக்கணும். அவன் ஆபீஸ் கிளம்புற அவசரத்துல இருப்பான். சரி, இன்னிக்கு வேணாம்னு விட்டுருவேன்." மகன் கொடுக்காமல் இருந்ததே இல்லை. கேட்க வேண்டியிருந்ததுதான் அவருக்குக் கஷ்டம்.

2018-ல் பென்ஷன் வந்தது. முதல் மாதமே அரிசி டப்பாவின் மேல் ஒரு கவர். 'அரிசி மூட்டைக்கு' என்று எழுதி, உள்ளே பணம். அண்ணன் கோபித்துக்கொண்டாராம். அண்ணி எதுவும் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு அண்ணியைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

பெரியம்மா இருக்கும் ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர்கள் அதிகம். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள் பலர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் மீட்டார்கள். அன்று அந்தப் படகில் 25 வயதில் இருந்த ஒருவருக்கு 2026-ல் 65 முடியும். 40 வருடக் கணக்கு அவருக்குச் சரியாக வரும். இளமையில் வந்தவர்களுக்கு இப்படி. பேரப்பிள்ளையைத் தூக்க வந்தவர்களுக்குக் கால் பங்கு.

பத்து வருடத்தில் பென்ஷன் வாங்கியவர் மேலும் எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் அந்தக் கால் பங்கு அரைப் பங்காகாது. வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கூடுதல் உதவித்தொகை ஒன்று தருகிறார்கள், அதை வைத்துத்தான் சமாளிக்க முடிகிறது.

சரி, கையில் காசு வருகிறதே, ஊருக்கு வந்து இருக்கலாமே? அங்கேதான் முடிச்சு. கனடாவை விட்டுக் கிளம்பிய மாதமும் அதற்கடுத்த ஆறு மாதமும்தான் பென்ஷன் வரும். அதற்கு மேலும் வெளிநாட்டில் இருந்தால் நின்றுவிடும். 20 வருடம் அங்கே வசித்தவர்களுக்கு மட்டும் எந்த நாட்டில் இருந்தாலும் தொடரும். உதவித்தொகையோ, எத்தனை வருடம் இருந்தாலும் ஆறு மாதத்தோடு சரி.

பெரியம்மாவுக்கு அந்த 20 வருடம் முடிவது 2028-ல். அப்போது வயது 80 ஆகியிருக்கும். லால்குடிக்கு வந்துவிட்டால் கால் பங்கு மட்டும்தான் வரும்.

"எனக்கு அது போதும் கண்ணு. இங்க நவம்பர் வந்தா வாசல்ல கால் வெக்க பயமா இருக்கு. பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கெடக்கும். போன வருஷம் மூணு மாசம் ஜன்னல் வழியாதான் தெருவைப் பார்த்தேன்."

பேரன்களை விட்டுட்டு இருப்பீங்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பெரியவன் காலேஜ் போய்விட்டான், சின்னவனுக்கு 14 வயது, பாட்டி பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். "சின்னவன் மட்டும் ராத்திரி வந்து மடியில தலை வெச்சுப்பான்" என்றார்.

பிறகு அவராகவே பேச்சை மாற்றினார். "நம்ம வீட்டு மாடிப்படி செங்குத்தா இருக்குமே. ஓரமா ஒரு கைப்பிடி வெக்க எவ்வளவு ஆகும்னு ஆசாரிகிட்ட கேட்டு வை. உங்கண்ணன்கிட்ட இப்போ சொல்லாத."