ஆறும் ஆய்வகமும் – 11: நிறம் போனது, உப்பு நின்றது

போன வாரம் ஒரத்துப்பாளையம் அணையில் நிறுத்தியிருந்தேன். பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப்போனதைப் பார்த்தோம். அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்ததையும் பார்த்தோம். இந்த வாரம் நொய்யல் ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கே நடந்து மண்ணரைக்கு வருவோம்.

திருப்பூரின் கிழக்கு ஓரத்தில், ஊத்துக்குளி சாலையை ஒட்டி இருக்கிறது மண்ணரை. ஒரு பக்கம் நொய்யல். பக்கத்திலேயே மூளிக்குளம். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் வீடுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஊர். இங்குள்ள பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்க ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் இதுபோல் பதினெட்டு நிலையங்கள். அவற்றின் கதை, நம் பல்கலைக்கழக ஆய்வகங்கள் எதைப் பார்த்தன, எதைப் பார்க்கப் பிந்தின என்பதன் கதையும்கூட.

நொய்யலைப் பற்றிப் பேச்செடுத்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிறம். சிவப்பாக, நீலமாக ஓடிய ஆறு. செய்தித்தாள்களில் வந்த படங்களும் அவையே. ஆனால் நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் நிறம் இல்லை. நிறமே இல்லாத ஒன்று. கிணற்றில் இறைத்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும். விவசாயியின் நாக்கு அதை முதலில் கண்டுபிடித்தது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? அதற்குப் பட்டறைக்குள் போய் ஒரு லாட் துணிக்குச் சாயம் ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு இன்று போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1950-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்து, 1956-ல் விற்பனைக்கு வந்த வகை. அதற்கு முன் பருத்தியில் நேரடியாக ஏற்றிய சாயங்கள் நூலோடு வெறுமே ஒட்டிக்கொண்டிருந்தன. துவைக்கத் துவைக்கப் போகும். ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. நாம் போடும் டி-சர்ட் ஐம்பது முறை துவைத்தும் மங்காமல் இருக்கிறதென்றால் காரணம் அந்தப் பிணைப்பு.

ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் மூழ்கிய பருத்தி எதிர்மின் தன்மை கொள்கிறது. கரைந்த சாயத்துக்கும் எதிர்மின் தன்மைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதற்குத்தான் உப்பு. உப்பு போட்டுச் சாயத்தைத் துணியில் ஏற்றுவார்கள். பிறகு சோடா போட்டு, 60 டிகிரி சூட்டில் பிணைப்பை உறுதியாக்குவார்கள். இந்த வரிசையைத் திருப்பூரில் சாயப்பட்டறைப் பக்கம் வளர்ந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எவ்வளவு உப்பு? ஒரு கிலோ துணிக்கு ஏழு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்று நடுத்தர ஷேடுக்கு வைத்துக்கொள்வோம். 490 கிராம். அதாவது கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக்கிலோ உப்பு. அடர்ந்த கறுப்பு, நேவி நீலம் என்றால் இன்னும் கூடும். இருநூறு கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட்டுக்கு நூறு கிராம் உப்பு. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. வேலையை முடித்துவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியேறுகிறது. இந்தக் கணக்கை முதன்முறை தாளில் போட்டுப் பார்த்த அன்று, அலமாரியில் அடுக்கியிருந்த என் சட்டைகளை எண்ணிப் பார்த்தேன்.

மண்ணுக்குள் அது என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோடியம் சேரச் சேரக் களிமண் துகள்கள் பிரிந்து, தண்ணீர் இறங்கும் துளைகளை அடைக்கின்றன. மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டும். பயிரின் வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் அதில் கரைந்த உப்பின் சவ்வூடு அழுத்தம் வேரை உறிஞ்ச விடாது. தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடும். இந்தச் சவ்வூடு அழுத்தத்தை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

நிலம் இப்படிக் கெட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் பேராசிரியர் சி. நமசிவாயம் 1990-களில் தொடங்கிச் செய்த வேலையை உலகமெங்கும் இத்துறை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தேங்காய் நார்க்கழிவு என்று நம்மைச் சுற்றி வீணாகும் பொருள்களைக் கொண்டு சாயத்தை உறிஞ்சி எடுக்க முடியும் என்று காட்டியவர். விலை உயர்ந்த கார்பனை வெளியிலிருந்து வாங்காமல், பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவியும் நார்க்கழிவிலிருந்தே செய்துகொள்ளலாம் என்ற அந்த யோசனையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உறிஞ்சுபொருள் பிடிப்பது சாயத்தை. கரைந்த உப்பு அதன் வழியே அப்படியே இறங்கிப்போகும்.

1990-களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இதே பார்வையில்தான் கட்டப்பட்டன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்கினால் நிறம் திரண்டு கசடாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். பார்க்க நல்ல தண்ணீர். உப்போ குறையவே இல்லை. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அது பல மடங்கு. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டு, தெரியாததை விட்டுவிட்டோம். இதை யார்மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு உப்பைப் பிரிக்கும் தொழில்நுட்பம் பட்டறைக்காரருக்கு எட்டாத விலையில் இருந்தது. இருந்தாலும் அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் கெட்ட நிலம் கெட்டதுதான்.

திருப்பத்தைக் கொண்டுவந்தது ஆய்வகம் இல்லை, நீதிமன்றம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடைமுறைக்கு வரவில்லை என்று கண்டு, 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. அதன்பின் உப்பைப் பிரிக்காமல் யாரும் திறக்க முடியாது என்றாயிற்று.

உப்பைப் பிரிக்கும் கருவி அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்திருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறையில், சிட்னி லோப் என்பவரும் நம் நாட்டில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செய்தது. லோப் நாற்பது வயதையொட்டி மறுபடி படிக்க வந்த மாணவர். உப்பு நிற்க, தண்ணீர் மட்டும் கடக்குமா என்று செல்லுலோஸ் அசிடேட் படலத்தின் வழியே உப்புநீரை அழுத்தத்தோடு தள்ளிப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய படலத்தைச் சூடாக்கிப் பயன்படுத்தியபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் மேலே இருந்தால் வேலை செய்தது. திருப்பிப் போட்டால் செய்யவில்லை. படலத்தின் ஒரு முகத்தில் மட்டும் மிக மெல்லிய அடர்ந்த தோல் இருக்கிறது, மற்றது வெறும் தாங்கி என்று அதிலிருந்து புரிந்துகொண்டு, அதேபோல் தாங்களே செய்தார்கள். 1965-ல் கோலிங்கா என்ற ஊரில், ஒரு காலத்தில் குடிநீரை ரயிலில் வரவழைத்த ஊரில், அந்தப் படலம் மக்களுக்குக் குடிநீர் கொடுத்தது. இன்று நம் வீட்டுச் சமையலறையில் தொங்கும் ஆர்.ஓ. அதன் வாரிசு. மண்ணரையில் ஓடும் ஆர்.ஓ.வும்.

எந்தச் சவ்வூடு அழுத்தம் செடியின் வேரை வாடவைத்ததோ, அதே அழுத்தத்தை இங்கே பம்பு மல்லுக்கட்டி வெல்ல வேண்டியிருக்கிறது. உப்பு அடர அடர அழுத்தமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் தள்ள முடியாது. பெரும்பகுதித் தண்ணீர் சுத்தமாகி மறுபடி பட்டறைக்குப் போய்விடும். மிஞ்சும் அடர்ந்த ரிஜெக்ட் தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாச் சிரமமும்.

காய்ச்சி வற்றவைக்கலாம். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அதை ஆவியாக்க ஆகும். ஒரு பாத்திரத்து ஆவியைக் கொண்டு அடுத்த பாத்திரத்தைக் காய்ச்சும் அடுக்கு எவாப்பரேட்டரில் செலவு குறையும். இருந்தும் பாய்லர் எரிய வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற விறகும் நிலக்கரியும் எரிப்பதைப் பார்க்கையில் மனசு உறுத்துகிறது.

இங்கே திருப்பூர் கண்டுகொண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட் போட்டுச் சாயம் ஏற்றினார்கள். இந்த உப்புக்கு ஒரு குணம்: 32 டிகிரி சூட்டில் நூறு கிராம் தண்ணீரில் ஐம்பது கிராம்வரை கரையும், பனிக்கட்டிக் குளிருக்குப் போனால் ஐந்து கிராம்தான். ஆகவே அடர்ந்த கரைசலைக் குளிரவைத்தால் போதும், உப்பு தானே படிகமாக இறங்கும். எடுத்து மறுபடி சாயத்தொட்டியில் போடலாம். ரிஜெக்ட் தண்ணீரின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பும் முறையை அருள்புரம் நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் செய்துகாட்டியது. உப்பைக் கழிவு என்று நினைத்தவரை அது சுமை; சரக்கு என்று நினைத்ததும் கணக்கு மாறியது.

இருந்தும் கடைசியில் ஒரு மிச்சம் உண்டு. பல உப்புகள் ஒன்றாய்க் கலந்து, நிறமேறி, எதற்கும் உதவாமல் வெளியேறும் கலவை உப்பு. நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்படுகிறது. மழையில் நனையாமல் அதைக் காவல் காக்க வேண்டும். ஆற்றில் போகாத உப்பு கூரைக்குக் கீழே காத்திருக்கிறது.

அதனால்தான் என் கவனம் திரும்பத் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகிறது. உப்பே போடாமல் சாயம் ஏறாதா? ஏறும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் லூயிஸும், அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹவுசரும் இதில் உழைத்தவர்கள். யோசனை எளிமையானது. சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு வேதிப்பொருளால் பருத்திக்கே நேர்மின் தன்மை கொடுத்துவிட்டால், எதிர்மின் சாயத்தைத் துணி தானே இழுத்துக்கொள்ளும். உப்பு வேண்டாம். சாயமும் குறைவாக வீணாகும்.

பிறகு ஏன் மண்ணரையில் இன்னும் உப்பு மூட்டை இறங்குகிறது? பட்டறையில் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும்: ஷேடு. துணி சாயத்தை அவசரமாக இழுத்தால் ஒரே சீராக ஏறாது, திட்டுத்திட்டாக நிற்கும். பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்புக்கும் (மாதிரித் துணிக்கும்) லாட்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தால் ஆர்டரே திரும்பிவிடும். அந்த நஷ்டத்தைத் தாங்குவது சிறு பட்டறைக்காரர். துணிக்கு நேர்மின் தன்மை ஏற்றும் பொருளே தண்ணீரோடு வினைபுரிந்து ஒரு பகுதி வீணாவதும், சில சாயங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுப்பதும் கூடுதல் தொல்லைகள்.

இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் என்று நான் நம்பவில்லை. குடுவையில் ஐந்து கிராம் துணிக்குச் சாயம் ஏற்றி ஆய்வேடு முடிகிறது. பட்டறையின் சாஃப்ட் ஃப்ளோ மிஷினில் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கான கிலோ ஏறுகிறது. நடுவில் ஆளில்லை. கோவையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகளும் ஜவுளித் தொழில்நுட்பத் துறைகளும் இருக்கின்றன. ஒரு லாட் கெட்டுப்போனால் அந்த நஷ்டத்தை ஆய்வு நிதியே ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியோடு ஒரே ஒரு சோதனைப் பட்டறை இங்கே நடந்தால், உப்பில்லாத கறுப்பு ஷேடைத் திருப்பூரின் மாஸ்டர்களும் மாணவர்களும் சேர்ந்து பிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ரிஜெக்ட் தண்ணீரைக் காய்ச்சுவதற்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம்.

தண்ணீரே இல்லாமல் சாயம் ஏற்றும் வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் கிரேஃபெல்டில் தொடங்கி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து ஆலைக்கு வந்தது. அழுத்தத்தில் திரவம்போல் நடந்துகொள்ளும் கார்பன் டை ஆக்ஸைடுதான் அங்கே தொட்டித் தண்ணீர். ஆனால் அது பாலியஸ்டருக்கு ஒத்துப்போவதுபோல் பருத்திக்கு ஒத்துப்போகவில்லை. திருப்பூரோ இப்போது பாலியஸ்டர் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த நூல் துவைக்கும்போது ஆற்றில் விடுவது என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.