பாலூட்டும் தாய்க்குத் தொழில்வழிச் சிகிச்சை

‘தொழில்வழிச் சிகிச்சை’ என்றவுடன், இது தறிக்கும் ஏருக்கும் உரியதென அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். உண்பது, உடுப்பது, குழந்தையைப் பேணுவது ஆகிய அன்றாடச் செயல்கள் அனைத்தையும் இத்துறை தொழில் என்றே கொள்கிறது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் திருமதி கமலா நிம்ப்கர் தொடங்கினார்.

பாலூட்டலும் அத்தகைய தொழிலே. பிறந்த சிசுவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் தாய் கூனிக் குனிந்து, மணிக்கட்டை மடக்கிச் சிசுவைத் தாங்கினால் வலி உண்டாகிறது. குழித்தறியில் நாடா ஓட்டும் கைக்கும், பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் கைக்கும் அவ்வலி மேலும் சுமையாகும்.

சிகிச்சையாளர் முதலில் தாய் அமரும் விதத்தை நோக்குகிறார். முதுகுக்குச் சுவர், மடியில் மடித்த புடவை, காலடியில் பலகை ஆகியவற்றை அமைக்கிறார். மார்பைத் தாழ்த்தாது குழந்தையை மார்பளவுக்கு உயர்த்தவும், அதன் தலையும் உடலும் ஒரே நேராக இருக்கவும் பழக்குகிறார். 34 வாரங்களுக்கு முன் பிறந்த சிசுவிடம் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் பாவும் ஊடையும்போல் எளிதில் இசைவதில்லை. அதற்கு இடையிடையே ஓய்வளித்துச் சிறுகச் சிறுகப் பழக்குகிறார்.

வலியைத் தாயின் விதியெனப் பொறுத்து, பால் போதவில்லையெனச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கத்தைச் சில இல்லங்களில் காண்கிறோம். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமானது. வலி நீடித்தால் கிராம செவிலியரிடம் கூறுக. பால் பற்றாது சோர்ந்த சிசுவை அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இழை அறுந்தால் உடனே முடிபோடும் நாம், இதில் காலம் தாழ்த்தலாகாது.