ஆய்வுச் செய்தியை அப்படியே நம்பலாமா?

பத்திரிகையில் "பேராசிரியரின் ஆய்வு" என்று கண்டதும் பலரும் நம்பிவிடுகின்றனர். நான் முதலில் பார்ப்பது, எத்தனை பேரிடம் செய்த ஆய்வு என்பதைத்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் பணியாற்றிய ஏமி கடி, 2010இல் மேலும் இருவருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். கைகால்களை விரித்து, கம்பீரமாக இரண்டு நிமிடம் இருந்தால் உடலின் ஓமோன்கள் மாறி, துணிவு பிறக்கும் என்றது அது. 2012இல் அவர் ஆற்றிய உரையின் பின் ஊடகங்கள் அதனை உலகெங்கும் பரப்பின. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் பெண்களுக்கும் இதுவே ஆலோசனையாயிற்று. ஆனால் ஆய்வில் பங்குபற்றியோர் 42 பேர் மாத்திரமே.

2015இல் வேறு ஆய்வாளர்கள் 200 பேரிடம் சோதித்தனர். மனத்தில் துணிவு சற்றுக் கூடியது; ஓமோன்கள் மாறவில்லை. மறு ஆண்டு, முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியையான டானா கார்னியே, அவ்விளைவு உண்மையென்று தாம் நம்பவில்லை என அறிவித்தார்.

முதற் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் திருத்தம் போய்ச் சேர்வதில்லை. ஆகவே சகோதரிகளே, உங்கள் மகள் நேர்முகப் பரீட்சைக்குச் செல்கையில் நிமிர்ந்து நிற்கட்டும்; அதில் நட்டமில்லை. ஆனால் அவளைக் காப்பது அந்த இரண்டு நிமிடமல்ல, முன்கூட்டியே செய்த ஆயத்தந்தான்.