பல்லடைப்புச் சிமெண்டுகள்: பிடிப்பு வலிமையும் தேர்வும்

மட்டாஞ்சேரியின் நறுமணப் பொருள் கிடங்குகளில் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவரின் பல்லடைப்பு சில மாதங்களில் கழன்று விழுமாயின், மீண்டும் மருத்துவமனை செல்ல அவர் ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். எனவே, எந்தச் சிமெண்டு பல்லை எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்பது வேதியியல் வினா மட்டுமன்று, பொருளாதார வினாவுமாகும்.

பிடிப்பு வலிமையை அளக்க, பிடுங்கப்பட்ட பல்லின் சமப்படுத்திய பரப்பில் சிமெண்டை ஒட்டி, பொதுவாக 37 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் வைப்பர். பின்னர், அது பிரியும் வரை இயந்திரத்தால் விசை செலுத்துவர். விடை மெகாபாஸ்கல் அலகில் கூறப்படும். ஒரு மெகாபாஸ்கல், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோகிராம் எடைக்கு ஈடான அழுத்தமாகும்.

பழமையான துத்தநாக பாஸ்பேட் சிமெண்டு பல்லுடன் வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. பரப்பின் சொரசொரப்பில் சிக்கியே நிற்கிறது. 1968-இல் டென்னிஸ் ஸ்மித் அறிமுகப்படுத்திய துத்தநாக பாலிகார்பாக்சிலேட், பல்லிலுள்ள கால்சியத்துடன் பிணைகிறது. 1972-இல் வில்சன், கென்ட் ஆகியோர் அறிவித்த கண்ணாடி அயனோமரும் அத்தகையதே. இவ்விரண்டின் பிடிப்பு பெரும்பாலும் 2 முதல் 7 மெகாபாஸ்கல் வரை அமைகிறது. எனாமலை அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையை 1955-இல் புவோனோகோர் காட்டினார். இம்முறையில் ஒட்டப்படும் ரெசின் கலவை ஏறத்தாழ 20 மெகாபாஸ்கலை எட்டுகிறது.

ஆயினும், எண்ணை மட்டும் நோக்கித் தேர்வு செய்தல் பொருந்தாது. சோதனையில் கண்ணாடி அயனோமர் பெரும்பாலும் தன்னுள்ளேயே உடைகிறது. அதன் மெல்லிய படலம் பல்லில் எஞ்சி நிற்கும். ஆகவே, அளவீடு அதன் உண்மையான ஒட்டுதலைக் குறைத்தே காட்டக்கூடும். மேலும் அது ஃபுளோரைடை வெளியிடுகிறது. ரெசினுக்கு உமிழ்நீர் படாத உலர்ந்த பரப்பு வேண்டும். பெரும்பாலும் ஒளி பாய்ச்சும் கருவியும் வேண்டும். மறுபுறம், கண்ணாடி அயனோமர் எளிதில் நொறுங்குவதாதலால், மெல்லும் விசை மிகுந்த பெரிய குழிகளுக்கு ரெசினே ஏற்றது.

தட்பவெப்பமும் கருதத்தக்கது. வெப்பத்தில் சிமெண்டு விரைந்து இறுகும். அதைத் தடுக்கக் கண்ணாடிப் பலகையை மிகக் குளிர்வித்தால், கொச்சியின் ஈரக்காற்றில் அதன்மேல் நீர் படிந்து கலவையைக் கெடுக்கும். தூளும் திரவமும் உரிய விகிதத்தில் கலக்கப்படாவிடினும் வலிமை குறையும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கண்ணாடி அயனோமரை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கொள்முதலில் பொருளின் விலையோடு, மின்வசதி, பணியாளர் பயிற்சி, அடைப்பு நிலைக்கும் காலம் ஆகியவற்றையும் கணக்கிடுவதே உண்மையான சிக்கனமாகும்.