ஆயா மரம்: நம்ம மலையடிவாரத்து எல்ம்

ராசபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதன் மேற்கு வரப்பில் இரண்டு ஆயா மரங்கள் நின்றன. எட்டு வருசத்துக்கு முன்னால் விறகு வியாபாரி ஒருவர் வந்து கேட்டார். "தேக்கா, வேங்கையா? சும்மா நிக்கிற மரந்தானே" என்று நானும் கொடுத்துவிட்டேன். வந்த காசு ஒரு வாரச் செலவுக்குக்கூடக் காணவில்லை.

அடுத்த சித்திரையில் வழக்கமாகக் கிடை போடும் கீதாரி வந்தார். வரப்பைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, ஆயா மரத்தக் காணோம்? வெயிலுக்கு ஆடு அடைய அந்த ரெண்டு மரந்தான இருந்துச்சு. தழையும் ஒடிச்சுப் போடுவோம்ல" என்றார். அந்த வருசம் பாதி நாள்தான் கிடை கிடந்தது. எத்தனை வண்டி எரு போச்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், இந்த மரத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஆயா, ஆவி, வெள்ளாயா என்று ஊருக்கு ஒரு பெயர். மலையாளத்தில் ஆவல், கன்னடத்தில் தபசி, இந்தியில் சில்பில். தாவரவியலார் வைத்த பெயர் ஹோலோப்டெலியா இன்டெக்ரிஃபோலியா. மேலை நாடுகளில் பேர்போன எல்ம் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. எல்ம் இலைகளின் ஓரம் ரம்பம்போலப் பல் பல்லாக இருக்கும். நம்ம ஆயாவின் இலை ஓரம் மழுமழுவென்று இருக்கும். 'இன்டெக்ரிஃபோலியா' என்ற பெயருக்கும் அதுதான் பொருள்.

அடையாளம் காண்பது சிரமமில்லை. சாம்பல் நிறப் பட்டை, அதில் சின்னச் சின்னப் பருக்கள். வயதான மரத்தில் பட்டை செதில் செதிலாக உரியும். இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், ஒரு மாதிரி நாறும். அந்த நாற்றத்தை ஒருதரம் பிடித்தவர் பிறகு மறக்க மாட்டார். தை, மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போதே பச்சையும் மஞ்சளுமாகச் சின்னப் பூக்கள் வந்துவிடும். பின்னாலேயே கொத்துக் கொத்தாகக் காய். தூரத்திலிருந்து பார்த்தால் புது இலை என்றே நினைப்போம். கிட்டே போனால்தான் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் அங்குல அகலத்தில் வட்டமான, மெல்லிய சவ்வுச் சிறகு. நடுவில் ஒரே ஒரு விதை. வடக்கே இதைக் குரங்குகளின் ரொட்டி என்பார்களாம். ஆங்கிலத்திலும் 'குரங்கு பிஸ்கட் மரம்' என்று ஒரு பெயர் உண்டு. பருப்பை நாமும் தின்னலாம். ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு இது புதுசில்லை.

ஆச்சா மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இரும்புபோல உறுதியான மரம். ஆயா அப்படியில்லை. மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில், நடுத்தர எடையில் இருக்கும். பெட்டி, சீப்பு, மலிவான மேசை நாற்காலி, அடுப்புக்கரி ஆகியவற்றுக்கு ஆகும். வெட்டிய மரத்தை ஈரத்தோடு போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும்; உடனே அறுத்துக் காய வைக்க வேண்டும். மர வியாபாரிகள் இதை மதிக்காததற்குக் காரணம் இதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தின் மதிப்பை மரக்கடையில் மட்டும் கேட்டதுதான் நம்ம தப்பு.

உழவனுக்கு இதன் முதல் பயன் தழை. ஆடு, மாடு இரண்டும் தின்னும். திருவில்லிபுத்தூர்ப் பக்கம் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலைத் தரும் மாட்டுக்கு வருசம் முழுக்கத் தீவனம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆடிக்குப் பிறகு மார்கழி வரைக்கும் தழை ஒடிக்கலாம். மீதி இலை உதிர்கிற தை மாதத்தில் கூட்டிப் பாத்தியில் போட்டால் நல்ல மூடாக்கு. மேற்கு வரப்பில் வரிசையாக நின்றால் ஆடிக் காற்றையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

தழை ஒடிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இமயமலையில் இதன் உறவுக்கார மரமான மலை எல்ம் இருக்கிறது. உல்மஸ் வாலிச்சியானா என்று பெயர். காஷ்மீர், இமாச்சல் பக்கத்து மக்கள் அதன் தழையை மாட்டுக்கு ஒடிப்பார்கள், பட்டையில் நார் எடுப்பார்கள். வருசா வருசம் ஒட்ட ஒட்ட ஒடித்ததில், காய்க்கக் கிளை இல்லாமல், இன்று அது அழிவை நோக்கிப் போகிற மரங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பூஞ்சண நோய், பட்டை வண்டுகள் மூலமாகப் பரவி, கோடிக்கணக்கான எல்ம் மரங்களைச் சாய்த்தது. அந்த நோயைத் தாங்கும் ரகம் உருவாக்க டச்சுக்காரர்கள் தேடி வந்தது இந்த இமயமலை மரத்தைத்தான். ஆகவே ஒரு வருசம் பாதி மரம், மறு வருசம் மறு பாதி என்று ஒடியுங்கள். கார்த்திகைக்கு மேல் நுனிக்கிளையில் கை வைக்காதீர்கள். அதில்தான் பூ வரும்.

மருந்தாகவும் இது பழைய மரம். ஆயுர்வேதத்தில் சிரபில்வம் என்பார்கள் (நம்ம வில்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கேரளத்தில் மூலத்துக்குக் கொடுக்கும் சிருவில்வாதிக் கசாயத்தில் இதன் பட்டை சேரும். கிராமத்தில் பட்டையை அரைத்து மூட்டு வீக்கத்துக்கும் படர்தாமரைக்கும் பற்றுப் போடுவது உண்டு. உள்ளுக்குச் சாப்பிடுவதென்றால் வைத்தியரைக் கேட்டுத்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது காற்றில் மகரந்தம் பரப்புகிற மரம். டெல்லி போன்ற வட ஊர்களில் தும்மல், இளைப்பு வருவதற்கு இந்த மகரந்தம் ஒரு முக்கியக் காரணம். வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் வாசலில் வைக்க வேண்டாம். தோட்டத்து வரப்பே இதற்கு இடம்.

கன்று வாங்க நர்சரிக்கு அலைய வேண்டியதில்லை, அங்கே பெரும்பாலும் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் காய் பழுத்துக் காகிதம்போல உலர்ந்து பறக்கும். அப்போது சாலையோரத்திலோ, தெரிந்தவர் தோட்டத்திலோ பொறுக்குங்கள். செண்பகத்தோப்புக் காட்டுக்குள் போய் எடுக்காதீர்கள். அது 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும்; 'அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்று டப்பாவில் போட்டு வைத்தால் வீண். சிறகைக் கையால் தேய்த்து எடுத்துவிட்டு, மணலும் தொழுவுரமும் கலந்த பாத்தியில் மேலாகத் தூவி, லேசாக மண் மூடி, பூவாளியால் நீர் தெளித்தால் போதும். முளைத்து நாலு இலை வந்ததும் பைக்கு மாற்றி, ஐப்பசி மழையில் வரப்பில் நட்டுவிடலாம். முதல் இரண்டு வருசம் ஆட்டு வாய்க்கு எட்டாமல் முள் வேலி கட்டாயம்.

என் தோட்டத்தில் வெட்டிய இரண்டில் ஒன்றை வேரோடு தோண்டி எடுத்துவிட்டார்கள். இன்னொன்றின் அடிக்கட்டை மறு மழைக்கே துளிர்த்தது; நன்றாகத் தழைகிற மரம் இது. வந்த போத்துகளில் இரண்டை மட்டும் விட்டு மீதியைக் கழித்தேன். போன மாசியில் அது முதல்தரம் பூத்துக் காய்த்தது. கீதாரி வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வருசம் போகட்டும் அண்ணாச்சி, ஆடு அடைய நிழல் பத்தல" என்றார். அதன் விதையில் முளைத்த கன்றுகள் இப்போது பையில் நிற்கின்றன. ஐப்பசிக்குக் குழி எடுக்க வேண்டும்.